எந்த இடத்தில் சிக்குகிறது?

கேள்வி: எங்கள் குடும்ப நண்பராக இருந்த ஓர் அமெரிக்க முதியவர், கொரியப் போரில் பணியாற்றியவர், தன்னிடமிருந்த எம்-1 கேரண்ட் ரைபிளை முறைப்படி என் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார். இப்போது அவர் இல்லை. துப்பாக்கி அதற்கு முன் இருபது ஆண்டுகளுக்கு மேல் அலமாரியிலேயே கிடந்தது. பழைய மரக்கட்டையில் விரிசல் இருந்ததால் சென்ற ஆண்டு புதிய வால்நட் கட்டை வாங்கிப் பொருத்தினேன். கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தால் பாதி வழியில் கனத்து உரசுகிறது. விட்டுவிட்டால் முன்னே போய்த் தோட்டா அறையை மூட வேண்டிய போல்ட், கடைசி ஒரு விரற்கடை மூடாமல் நின்றுவிடுகிறது. உள்ளங்கையால் தட்டி மூட வேண்டியிருக்கிறது. சுடுதளத்தில் எட்டுத் தோட்டா கிளிப் ஒன்றைச் சுட்டு முடிப்பதற்குள் மூன்று முறை நின்றது. எண்ணெய் ஸ்ப்ரேயை நிறையவே அடித்தேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது, பிறகு முன்பைவிட மோசம். சுடுதளத்தில் பழகிய நண்பர் ஒருவர், போல்ட்டை இயக்கும் முன்தண்டின் முனையை எமரித் தாளால் தேய்த்து மெருகேற்றச் சொல்கிறார். தண்டு வளைந்திருக்கிறது, அதை நேராக்க வேண்டும் என்றும் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

செய்யாதீர்கள். இரண்டையும் செய்யாதீர்கள். இந்தப் பதிலில் வேறெதையும் படிக்க நேரமில்லாவிட்டாலும் இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்டு வளைந்திருப்பது பழுது அல்ல. குழலுக்கு அடியில் ஓடும் தண்டு, போல்ட் ஓடும் இரும்புக் கூடான ரிசீவரின் வலப்பக்கம் ஏறி போல்ட்டைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக ஜான் கேரண்ட் அதை வளைவோடுதான் வடிவமைத்தார். அதை நேராக்கினால் துப்பாக்கி ஓடாது. முனையை எமரித் தாளால் தேய்த்தால், வாயு தள்ளும் பிஸ்டனாக இருக்கும் அந்த முனை மெலியும். மெலிந்த உலோகத்தை யாராலும் திருப்பி வைக்க முடியாது. உங்கள் நண்பர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் இப்படித் தேய்த்துக் கெடுத்த தண்டுகள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் மனம் வலிக்கிறது.

இரண்டாவதாக, குறை தீரும்வரை உண்மையான தோட்டாவோடு இந்தத் துப்பாக்கியைச் சோதிக்காதீர்கள். கிளிப்பை எடுத்துவிட்டு, தோட்டா அறைக்குள் விரலை நுழைத்துத் தடவிப் பாருங்கள். வெறுமையாக இருப்பதைக் கண்ணும் விரலும் இரண்டும் சொல்ல வேண்டும். தோட்டாக்கள் அனைத்தும் வேறு அறையில் இருக்கட்டும். மூடாத போல்ட்டை உள்ளே தோட்டா இருக்கும்போது கையால் தட்டி மூடுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். சிக்குகிறது என்று மட்டும் எழுதுகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் எந்த இடத்தில் என்பதையும் எழுதியிருக்கிறீர்கள். பாதி வழியில் உரசுகிறது, மூடும்போது கடைசி விரற்கடையில் நிற்கிறது. வேலையில் பாதியை அதிலேயே முடித்துவிட்டீர்கள். ஏனென்றால் இந்த இரண்டும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள் அல்ல. உங்கள் துப்பாக்கியில் இரண்டு தனித்தனிக் குறைகள் இருக்கின்றன என்றே நினைக்கிறேன். ஒன்று புதிய கட்டையோடு வந்தது. மற்றது அந்த இருபது ஆண்டு அலமாரி வாசம் தந்தது.

அதை விளக்குவதற்கு முன், உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தோட்டா வெடித்ததும் குண்டைத் தள்ளும் வாயுவில் ஒரு சிறு பங்கு, குழலின் முனைக்கு அருகே உள்ள துளை வழியாகக் கீழே இருக்கும் கேஸ் சிலிண்டர் என்னும் சிறு உருளைக்குள் இறங்குகிறது. அங்கே தண்டின் முனைதான் பிஸ்டன். வாயு அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. தண்டின் மறுமுனையில் ஒரு திமில் போன்ற பகுதி உண்டு. அதன் உட்புறத்தில் வளைவான ஒரு பள்ளம். போல்ட்டின் வலப்பக்கக் காது அந்தப் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும். தண்டு பின்னே நகரத் தொடங்கியதும் பள்ளத்தின் வளைவு காதைத் திருப்பி, போல்ட்டைச் சுழற்றிப் பூட்டைத் திறக்கிறது. பிறகு தண்டும் போல்ட்டும் சேர்ந்தே பின்னே ஓடுகின்றன, சுடு ஊசியை அடிக்கும் சுத்தியலை மடக்கி வைக்கின்றன, காலித் தோட்டாவை வெளியே எறிகின்றன. தண்டின் குழாய்க்குள் இருக்கும் நீண்ட ஸ்பிரிங் எல்லாவற்றையும் முன்னே தள்ளுகிறது. கடைசிச் சிறு தூரத்தில் போல்ட் மறுபடி சுழன்று பூட்டிக்கொள்கிறது.

ஆகவே நடுவழியில் நடப்பது வெறும் ஓட்டம். கடைசியில் நடப்பது சுழற்சி. நடுவில் சிக்கினால் ஓடும் பாதையில் ஏதோ உரசுகிறது. கடைசியில் சிக்கினால் சுழலும் இடத்தில் ஏதோ பிடிக்கிறது.

ஒரு சந்தேகத்தை இங்கேயே நீக்கிவிட வேண்டும். சுத்தியல் மடங்காமல் இருக்கும் நிலையில் கைப்பிடியை இழுத்தால் கனமாகத்தான் இருக்கும், ஏனென்றால் நீங்கள் சுத்தியலின் ஸ்பிரிங்கையும் சேர்த்து அழுத்துகிறீர்கள். ஒருமுறை முழுதாக இழுத்துச் சுத்தியலை மடக்கிவிட்டு, மறுபடி இழுத்துப் பாருங்கள். அப்போது அந்தக் கனம் போய்விட்டால் அது பழுதே அல்ல. அதே போல, கிளிப் இல்லாதபோது போல்ட்டை முழுதாகப் பின்னே இழுத்தால் அது அங்கேயே பிடித்துக்கொள்வதும் வடிவமைப்பின் பகுதிதான். கைப்பிடியை வலது கையின் ஓரத்தால் சற்றே பின்னுக்குப் பிடித்துக்கொண்டு, கட்டை விரலால் உள்ளே இருக்கும் தோட்டா ஏந்தியை அழுத்தி, விரலை முழுதாக வெளியே எடுத்த பிறகே போல்ட்டை முன்னே விட வேண்டும். விரலை எடுக்காமல் விட்டவர்களுக்கு நகம் கறுத்த கதை அமெரிக்க இராணுவத்தில் ஒரு தலைமுறைக்கே தெரியும்.

சரி, சோதனைக்கு வருவோம். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். வேண்டியது பொறுமை, ஒரு துண்டு விரித்த மேசை, நல்ல வெளிச்சம், கண்ணுக்கு ஒரு கண்ணாடி.

போல்ட் மூடிய நிலையில் விசைக்காப்பின் பின்முனையை விடுவித்து இழுத்து, விசைத் தொகுதியைக் கழற்றுங்கள். கட்டையிலிருந்து குழலும் ரிசீவரும் தனியே வந்துவிடும். தலைகீழாகத் திருப்பி வைத்து, ஸ்பிரிங்கின் உள்தண்டை முன்னே அழுத்தி விடுவித்து, ஸ்பிரிங்கோடு உருவி எடுங்கள். அழுத்தத்தில் இருப்பதால் கை நழுவ விடாதீர்கள். அடுத்து ஏந்திக் கரத்தின் ஊசியைத் தள்ளி, அதோடு சேர்ந்த சிறு பாகங்களையும் ஏந்தியையும் எடுத்து வரிசையாக வையுங்கள். கழற்றிய வரிசையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் திரும்பச் சேர்க்கும்போது தவறாது. இப்போது கைப்பிடியைப் பின்னே நகர்த்தினால், ரிசீவரின் ஓரத்தில் ஒரு வெட்டுவாய் தெரியும். அந்த இடத்தில் தண்டைச் சற்றே வெளிப்பக்கம் விலக்கினால் கழன்று வரும். போல்ட்டையும் எடுத்துவிடுங்கள்.

பிறகு தண்டை மட்டும், ஸ்பிரிங் இல்லாமல், போல்ட் இல்லாமல், திரும்பப் பொருத்துங்கள். முன்முனை கேஸ் சிலிண்டருக்குள்ளும் கைப்பிடி ரிசீவரின் தடத்துக்குள்ளும் இருக்கட்டும். துப்பாக்கியின் முனையை மெல்ல மேலே தூக்குங்கள், பிறகு கீழே தாழ்த்துங்கள். நல்ல தண்டு தன் எடையிலேயே இருபுறமும் சறுக்கிப் போகும். கழலும் வெட்டுவாய்க்கு நேரே வரும்போது மட்டும் வெளியே நழுவிவிடாதபடி விரலை வைத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் தயங்கி நின்றால், அந்த இடத்தில் பென்சிலால் ஓர் அடையாளம் வையுங்கள்.

இதுதான் முதல் சுற்று. இரண்டாவது சுற்றில் போல்ட்டைச் சேர்த்துச் சாய்த்துப் பாருங்கள். மூன்றாவதில் போல்ட்டை எடுத்துவிட்டு, கட்டையில் அமர்த்தி, விசைத் தொகுதியைப் பூட்டி, தண்டை மட்டும் ஓட விடுங்கள். விசைத் தொகுதியைப் பூட்டுவது முக்கியம். பூட்டும்போதுதான் ரிசீவர் மரத்துக்குள் இறுக்கமாக இறங்குகிறது; மரம் உரசுவது அப்போதுதான் தெரியும். சும்மா கட்டையில் வைத்துப் பார்த்துவிட்டு உரசவில்லை என்று முடிவு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் கணிப்பு: முதல் சுற்றில் தண்டு நன்றாகச் சறுக்கும். மூன்றாவது சுற்றில், அந்தப் பாதி வழியில், நின்றுவிடும்.

அப்படி நின்றால் குற்றவாளி உங்கள் புதிய வால்நட் கட்டைதான். புதிய கட்டைகள் பெரும்பாலும் உட்புறத்தில் கொஞ்சம் கூடுதல் மரத்தோடு வருகின்றன. பொருத்துகிறவர் தன் துப்பாக்கிக்கு ஏற்பக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. தண்டின் வளைவு கட்டையின் வலப்புற உட்சுவரை ஒட்டிப் போகிறது; அங்கேதான் முதலில் உரசும். பின்புறக் கைக்காப்பு மரத்தின் வலப்பக்கக் கீழ் விளிம்பும் அடிக்கடி தண்டைத் தொடும். மரம் ஈரத்தைக் குடித்தால் உப்பும். வாங்கிய மாதத்தில் நன்றாக இருந்த கட்டை, மழைக்காலத்தில் பிடிக்கத் தொடங்குவது இதனால்தான்.

உரசும் இடத்தைக் கண்டுபிடிக்க மிக எளிய வழி உதட்டுச் சாயம். தண்டின் வளைவு முழுவதும் மெல்லியதாகப் பூசுங்கள். கட்டையில் அமர்த்தி, பூட்டி, நான்கைந்து முறை ஓட்டுங்கள். பிரித்துப் பார்த்தால் மரத்தில் சிவப்பாகத் தெரியும் இடம்தான் உரசும் இடம். அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் கொஞ்சமாகத் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி பார்க்க வேண்டும். தண்டுக்கும் மரத்துக்கும் இடையே ஒளி தெரியும் அளவு இடைவெளி வந்ததும் நிறுத்துங்கள். தேய்த்த இடத்தில் பச்சை மரம் வெளிப்பட்டிருக்கும். ஆளிவிதை எண்ணெயைத் தடவிக் காயவிட்டு மூடுங்கள், இல்லையென்றால் அந்த இடமே முதலில் ஈரத்தைக் குடித்து உப்பும். எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது. விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.

மரத்தைத் தேய்க்கலாம். இரும்பைத் தேய்க்கக் கூடாது. பொதுச் சந்தையில் இந்தக் கட்டைக்கு மாற்று இன்னும் கிடைக்கிறது. 1957-இல் உற்பத்தி நின்றுபோன ஒரு துப்பாக்கியின் நல்ல தண்டு அப்படி எளிதில் கிடைப்பதில்லை.

முதல் சுற்றிலேயே தண்டு நின்றுவிட்டால் கதை வேறு. அப்போது மூன்று இடங்களைப் பாருங்கள். ரிசீவரின் வலப்பக்கத் தடத்தில் காய்ந்த பழைய கிரீஸும் தூசியும் சேர்ந்து கெட்டியாகியிருக்கலாம். கேஸ் சிலிண்டர் குழலின் வரிப்பற்களில் சற்றே கோணலாக அமர்ந்திருந்தால் பிஸ்டன் ஒருபக்கமாகப் பிடிக்கும். அல்லது தண்டு உண்மையிலேயே தன் சரியான வளைவிலிருந்து மாறியிருக்கலாம். கடைசி வகை, பொருந்தாத தோட்டா சுட்ட துப்பாக்கிகளில் வரும். இந்த ரைபிள் 150 கிரெய்ன் எடையுள்ள குண்டு கொண்ட எம்-2 இராணுவத் தோட்டாவுக்கு ஏற்ப அமைந்தது. கனமான குண்டும் மெதுவாக எரியும் வெடிமருந்தும் கொண்ட இன்றைய வேட்டைத் தோட்டாக்கள் சிலவற்றில், வாயு துளைக்கு வரும் நேரத்தில் அழுத்தம் அதிகமாக இருக்கும். அது தண்டை அளவுக்கு மீறிய வேகத்தில் பின்னே அடித்து வளைக்கும். பழைய பெட்டிகள் ஏதேனும் முதியவரின் பொருள்களோடு வந்திருந்தால், அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தண்டு வளைந்திருக்கிறது என்று நினைத்தால் அதற்குரிய அளவுச் சட்டம் வைத்திருக்கும் துப்பாக்கிப் பணியாளரிடம் கொடுங்கள். முழங்காலில் வைத்து வளைக்கும் வேலை இது இல்லை.

பிஸ்டனை ஏன் தேய்க்கக் கூடாது என்பதற்கு எண்களையே சொல்கிறேன். புதிய பிஸ்டன் முனை 0.526 அங்குலம் இருக்கும். 0.525-க்குக் கீழே போனால் அது சேவைக்கு ஆகாது. அதாவது உங்களுக்கு இருக்கும் மொத்த இடம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். எமரித் தாளைக் கையில் எடுத்தவர் அந்த அளவில் நிறுத்துவது நடக்காத காரியம். அப்படி மெலிந்த பிஸ்டனைச் சுற்றி வாயு கசியும்; போல்ட் முழுதாகப் பின்னே போகாது; காலித் தோட்டா வெளியேறாமல் சிக்கும். சிக்கலைத் தீர்க்கப் போய் நிரந்தரமான சிக்கலை வாங்கிக்கொண்டதாகிவிடும். பிஸ்டனில் கரி படிந்திருந்தால் கரைப்பானில் ஊறவைத்து, பித்தளைப் பிரஷால் துலக்குங்கள். கறுப்பு நிறம் முழுதாகப் போக வேண்டியதில்லை. மேடாக இருக்கும் கரி போனால் போதும்.

இனி இரண்டாவது குறை. மூடும்போது கடைசி விரற்கடையில் நிற்பது.

இங்கே நான் முதலில் சந்தேகப்படுவது உங்கள் ஸ்ப்ரேயைத்தான். இரண்டு நாள் நன்றாக ஓடிப் பிறகு மோசமானது என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? இருபது ஆண்டுகளில் பழைய கிரீஸ், வார்னிஷ் போலக் காய்ந்து, போல்ட்டின் காதுகளிலும் அவை சென்று பூட்டும் பள்ளங்களிலும் பழுப்பு நிறத்தில் படிந்திருக்கும். மெல்லிய எண்ணெய் அதை இளக்கியது. இளகிய கிரீஸ், கரியையும் தூசியையும் சேர்த்துக்கொண்டு இடுக்குகளுக்குள் இறங்கியது. எண்ணெயின் இலேசான பகுதி ஆவியானதும் மீதி அங்கேயே பசையாக இறுகியது. துப்பாக்கியில் ஒட்டும் சத்தம் கேட்டவுடன் எண்ணெய்ப் புட்டியை எடுப்பது எல்லாருக்கும் வரும் பழக்கம். ஆனால் அழுக்கின் மேல் எண்ணெய் விடுவது அழுக்கை இடம் மாற்றுவதுதான், நீக்குவது இல்லை.

போல்ட்டை மண்ணெண்ணெயில் அல்லது மினரல் ஸ்பிரிட்டில் ஓர் இரவு ஊறவையுங்கள், காற்றோட்டமான இடத்தில், அடுப்போ விளக்கோ அருகில் இல்லாமல். காலையில் பல் துலக்கும் பழைய பிரஷால் காதுகளின் எல்லாப் பக்கங்களையும் துலக்குங்கள். தண்டின் திமிலுக்குள் இருக்கும் அந்த வளைந்த பள்ளத்தைத் துணி சுற்றிய மரக்குச்சியால் சுத்தம் செய்யுங்கள். இதைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். ரிசீவருக்குள், போல்ட்டின் காதுகள் பூட்டும் இரு பள்ளங்களும் கண்ணுக்கு நேராகத் தெரியாது. வளைந்த பிரஷ் வேண்டும். தோட்டா அறைக்குத் தனிப் பிரஷ் உண்டு, அதை விட்டுத் திருப்பித் திருப்பித் துலக்குங்கள். அறையில் சுரசுரப்பு இருந்தால் தோட்டா முழுதாக உள்ளே அமராது, போல்ட்டும் பூட்டாது. ஆனால் அறையின் குறை தோட்டா இருக்கும்போதுதான் தெரியும். உங்களுக்கு வெறும் துப்பாக்கியிலேயே நிற்கிறது என்றால் பெரும் பங்கு காதுகளிலும் அந்த வளைந்த பள்ளத்திலும்தான்.

சுத்தம் செய்த போல்ட்டைக் காதருகே பிடித்து முன்னும் பின்னும் சாயுங்கள். உள்ளே சுடு ஊசி தடையின்றி நகரும் சிறு ஓசை கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஊசியின் துளைக்குள்ளும் பசை இறங்கியிருக்கிறது. அது சாதாரண விஷயம் அல்ல. கேரண்டில் சுடு ஊசியைப் பின்னே பிடித்து வைக்கும் ஸ்பிரிங் கிடையாது. போல்ட் முழுதாகத் திரும்பிப் பூட்டாதவரை ஊசி முன்னே போகாதபடி ரிசீவரின் குறுக்குப் பாலம் ஒன்று தடுக்கிறது, வடிவமைப்பு நல்லதுதான். ஆனால் பசையில் ஊசி முன்னே நீட்டியபடி ஒட்டிக்கொண்டால், மூடுகிற போல்ட்டே தோட்டாவின் பின்புறத்தைக் குத்தக்கூடும். விசையைத் தொடாமலே வெடிக்கும். பூட்டு முழுதாக அமராத நேரத்தில் அப்படி வெடித்தால் அதன் விளைவை நான் விவரிக்க விரும்பவில்லை. உள்ளங்கையால் தட்டி மூடுவதை நிறுத்தச் சொன்னது இதற்காகத்தான். ஒற்றைத் தோட்டாவை அறைக்குள் கையால் போட்டு, போல்ட்டை முழு வேகத்தில் விடுவதும் இதே காரணத்தால் கூடாது.

போல்ட்டைப் பிரித்து ஊசியை எடுப்பதற்கு இந்தத் துப்பாக்கிக்கென்றே ஒரு கூட்டுக் கருவி உண்டு. பழைய துப்பாக்கிகளில் அடிக்கட்டையின் பின்துளைக்குள் அது இன்னமும் இருக்கலாம், பழைய கட்டையைத் திறந்து பாருங்கள். பிரிக்கும்போது தோட்டா உந்தியின் ஸ்பிரிங் பாய்ந்து வரும். கண்ணாடி அணியாமல் தொடாதீர்கள். பழக்கமில்லை என்றால் இதை மட்டும் பணியாளரிடம் கொடுத்துவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊசியும் அதன் துளையும் உலர்ந்தே இருக்க வேண்டும். கிரீஸ் கூடாது, எண்ணெயும் கூடாது.

மற்ற இடங்களில் என்ன போடுவது? தடவித் தடவிச் சறுக்கும் கனமான உலோகப் பரப்புகளுக்குக் கிரீஸ். காதுகள், அவை பூட்டும் பள்ளங்கள், தண்டின் வளைந்த பள்ளம், ரிசீவரின் வலப்பக்கத் தடம், போல்ட்டின் அடிப்புறம், சுத்தியலின் முகம். எல்லாமே விரல் நுனியால் தடவி ஒரு மினுமினுப்பு தெரியும் அளவு. இதில் ஒரு வரலாறு இருக்கிறது. 1936-இல் இராணுவம் ஏற்றுக்கொண்ட இந்தத் துப்பாக்கியில் தொடக்கத்தில் எண்ணெய்தான் போட்டார்கள். கனமழையில் எண்ணெய் கழுவிப் போனதும் போல்ட்டும் தண்டும் ஒன்றையொன்று பற்றி இறுகிக்கொண்டன. கிரீஸ் வந்த பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது. அதனால்தான் படைவீரர்களுக்குச் சிறு கிரீஸ் டப்பா ஒன்றைக் கொடுத்து அடிக்கட்டைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த முதியவரும் அப்படி ஒன்றை வைத்திருந்திருப்பார்.

கேஸ் சிலிண்டருக்குள்ளும் பிஸ்டன் முனையிலும் மட்டும் எதுவும் போடாதீர்கள். அங்கே போகும் எண்ணெய் சூட்டில் எரிந்து கரியாகும். நீங்கள் ஸ்ப்ரே அடித்தபோது அங்கேயும் போயிருக்கும் என்றே நினைக்கிறேன், துடைத்து உலர்த்திவிடுங்கள். அங்கே பார்க்கும்போது துருக்குழிகள் இருக்கின்றனவா என்றும் கவனியுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து .30-06 தோட்டாக்களின் தீமூட்டியில் இருந்த வேதிப்பொருள், சுட்டபின் உப்பாகப் படிந்து ஈரத்தை இழுக்கும். உப்பை எண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். முதியவர் அந்தக் காலத்துத் தோட்டா சுட்டிருந்தால் சிலிண்டரை வெந்நீரில் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். திரும்பப் பூட்டும்போது முன்முனைத் திருகு இறுகியிருக்க வேண்டும். தளர்ந்திருந்தால் வாயு கசிந்து, போல்ட் பாதியிலேயே நிற்கும். சுடுதளத்தில் மூன்று முறை நின்றதில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

ஸ்பிரிங்கை வெளியே எடுத்தபோது மேசையில் நீட்டி அளந்து பாருங்கள். 19.5 முதல் 20.25 அங்குலத்துக்குள் இருந்தால் நல்லது. அதைவிடக் குறுகியிருந்தாலோ, நடுவில் நெளிந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். சோர்ந்த ஸ்பிரிங் கொண்ட துப்பாக்கி கடைசி விரற்கடையில்தான் தோற்கும், ஏனென்றால் அங்கேதான் ஸ்பிரிங்கின் வலு மிகக் குறைவு. விலை மலிவான பாகம் இது. கழற்றிய கையோடு புதியது போடுவதில் தவறே இல்லை.

தண்டு கையில் இருக்கும்போது இன்னொன்றும் செய்யுங்கள். கைப்பிடிப் பகுதி குழாயோடு சேரும் மூலையைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். போர்க்காலத் தண்டுகளில் அந்த மூலை கூரான சதுரமாக இருந்தது. விரிசல் அங்கே தொடங்கியது. போருக்குப் பின் அந்த மூலையை அரைவட்டமாக வெட்டி விடுவித்தார்கள். உங்களுடையது எந்த வகை என்றாலும், முடி அளவு கோடு தெரிந்தால்கூட அந்தத் தண்டை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

ரிசீவரில் ஓர் எண், போல்ட்டில் வேறு காலத்து எண், தண்டில் இன்னொரு நிறுவனத்தின் முத்திரை இருப்பதைக் கண்டு பதற வேண்டாம். சுமார் 54 லட்சம் கேரண்டுகள் செய்யப்பட்டன. அவற்றில் பல இராணுவப் பட்டறைகளில் பிரித்து, சுத்தம் செய்து, கைக்குக் கிடைத்த பாகங்களோடு திரும்பச் சேர்க்கப்பட்டவை. சிக்கலுக்கு அது காரணம் அல்ல. ஆனால் நீங்களாகவே போல்ட்டை மாற்றினால், அறையின் ஆழத்தை அளவுக் கேஜ் கொண்டு சோதிக்காமல் ஒரு தோட்டாகூடச் சுடக் கூடாது.

எல்லாம் முடிந்து பூட்டிய பிறகு, வெறும் துப்பாக்கியில் போல்ட்டை முழுதாகப் பின்னே இழுத்து விட்டுப் பாருங்கள். மெல்லக் கையோடு கொண்டுபோய் விட்டால் நல்ல துப்பாக்கிகூடக் கடைசியில் தயங்கும், ஆகவே கையை ஒட்டிக்கொண்டே போகாமல் தாராளமாக விடுங்கள். பத்து முறையும் தானாக மூடினால், அடுத்து மருந்தில்லாத போலித் தோட்டாக்களைக் கிளிப்பில் வைத்து ஓட்டுங்கள். அதுவும் சரியாக இருந்தால்தான் சுடுதளம். அங்கே முதலில் கிளிப்பில் இரண்டே தோட்டா, பிறகு எட்டு.

பிரித்துப் பார்த்த பிறகு மறுபடி எழுதுங்கள். மூன்று சுற்றிலும் தண்டு எங்கே நின்றது, உதட்டுச் சாயம் மரத்தின் எந்தப் பக்கத்தில் ஒட்டியது, ஸ்பிரிங் எத்தனை அங்குலம், ஊசியின் ஓசை கேட்டதா என்ற நான்கும் எனக்குப் போதும். முதியவரின் பழைய கட்டையை எறிந்துவிடவில்லை என்றால் அதன் படமும் அனுப்புங்கள். விரிசல் எங்கே என்பதைப் பொறுத்து அதை ஒட்டிச் சரிசெய்ய முடியலாம். அந்தக் கட்டை இந்தத் துப்பாக்கியோடு பழகியது, உரசல் இல்லாமல் ஓடியது அதில்தான்.